காணாமல் போன பிள்ளை, வாய் திறக்காத ஊர்: ஒரு மர்ம நாவலை எழுதி முடிக்கும் வழி

என் நாவலின் முதல் வரைவு 140-ஆவது பக்கத்தில் நின்றுபோனது. சின்ன ஊர் ஒன்றில் ஒன்பது வயதுப் பையன் காணாமல் போகிறான். இரண்டாம் பக்கத்திலேயே போலீஸ் வந்துவிடுகிறது. அதன்பிறகு விசாரணை, விசாரணை, விசாரணைதான். படித்துப் பார்த்த தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பையனுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு யாரிடம் பயம், பள்ளி விட்டதும் எந்தச் சந்தில் நுழைவான், பையில் என்ன வைத்திருப்பான், எதுவுமே தெரியவில்லை. தொலைந்துபோவதற்காகவே ஒரு பையனைப் படைத்திருந்தேன். வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனிடமிருந்து ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பித்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சின்ன ஊர்க் கதையில் பிள்ளை தொலைய ஒருவர் போதும். அவன் கிடைக்காமல் போக ஊரில் பலர் வேண்டும். அந்தப் பலரை எழுதத் தெரிந்தால் நாவல் தானாக நகரும்.

முதல் வேலை: பிள்ளையை அறிந்துகொள்வது

வயதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கதையின் பாதி அதில்தான் இருக்கிறது. தேடுதல் பணியில் இருப்பவர்கள் காணாமல் போன குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்தே யோசிப்பார்கள். ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைக்குத் தான் தொலைந்துவிட்டோம் என்பதே தெரியாது. கண்ணில் பட்டதன் பின்னால் போகும், களைத்தால் புதருக்கடியிலோ கட்டிலுக்கடியிலோ தூங்கிவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. நாலு முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்குத் தொலைந்தது புரியும். ஆனால் 'தெரியாதவர்களிடம் பேசாதே' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அடி விழும் என்ற பயமும் இருக்கும். தேடி வந்தவரின் குரல் கேட்டே ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் தலைக்குள் ஒரு சொந்த வரைபடம் உருவாகிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தெரியாத குறுக்குவழி, மறைவிடம், கோபித்துக்கொண்டு போகும் இடம் எல்லாம் அதில் இருக்கும். பதின்வயதினர் என்றால் பெரும்பாலும் கிளம்பிப் போன கதை. யாருக்கு முன்பே தெரியும் என்பதுதான் அங்கே கேள்வி.

மர்ம நாவலுக்கு எட்டு முதல் பத்து வயது மிக வசதி. தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போகும் அளவு வளர்ந்தவன். அங்கே ஏதாவது நடந்தால் தனியாகச் சமாளிக்க முடியாதவன்.

வயது முடிவானதும் அவனுடைய கடைசி நாளை அவன் கண் வழியாக மூன்று பக்கம் எழுதுங்கள். காலையில் யார் எழுப்பினார்கள், பள்ளியில் யாரோடு சண்டை, எந்த ரகசியத்தை நினைத்து அன்று முழுக்க உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான் என்பது வரை வேண்டும். இந்த மூன்று பக்கமும் நாவலுக்குள் போகாது. ஆனால் நாவலில் மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொல்வதில் எது சரி, எது தப்பு என்று உங்களுக்குத் தெரிவது இதனால்தான்.

என் பையன் இடதுகைக்காரன் என்று அப்போதுதான் தெரிந்தது. இடமிருந்து வலமாகப் பென்சிலால் எழுதும்போது எழுதிய வரிமேலேயே அவன் கை உராய்ந்துகொண்டு போகும். எழுத்தெல்லாம் மங்கி இழுபடும், இடது உள்ளங்கையின் ஓரம் கறுத்துவிடும். அம்மா அதற்காகத் திட்டுவாள். அப்போது அதை ஒரு குணாம்சமாக மட்டும் குறித்து வைத்தேன்.

என்ன நடந்தது என்பதை எழுத்தில் வையுங்கள்

"எழுதிக்கொண்டே போனால் எனக்கே தெரியவரும்" என்ற நம்பிக்கை வேறு வகை நாவல்களில் பலிக்கலாம். இங்கே பலிக்காது. முடிவு தெரியாமல் எழுதியவர் கடைசி அத்தியாயத்தில் ஒரு அந்நியனைக் கூட்டி வந்து அவன் தலையில் பழியைப் போடுவார். வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அந்நியன் வந்து தூக்கிக்கொண்டு போவது நிஜத்திலேயே அபூர்வம். அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு நிலவரத்தை அளந்த அரசு ஆய்வு ஒன்றில், காணாமல் போனதாகத் தெரிவிக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 8 லட்சம். நாம் செய்தியில் படித்து நடுங்கும் வகையான, அந்நியரோ அரைகுறையாகத் தெரிந்தவரோ கடத்திய நிகழ்வுகள் சுமார் 115. குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன நிகழ்வுகளோ 2 லட்சத்தைத் தாண்டின. மிச்சத்தில் பெரும்பகுதி ஓடிப்போனவர்கள், வழி தவறியவர்கள், தகவல் குழப்பத்தால் தேடப்பட்டவர்கள்.

வாசகரின் மனம் முதலில் அந்நியனிடம்தான் போகும். ஊராரின் மனமும் அப்படித்தான். ஊருக்குப் புதிதாக வந்தவர், தனியாக வாழ்பவர், யாரோடும் பேசாதவர் ஆகியோர்மேல் முதல் கல் விழும். அதை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். உண்மையை மட்டும் வேறிடத்தில் வையுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க என் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பையன் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போகிறான். அது பூட்டியிருக்கிறது. மேற்கே ஆற்றுப்பாலம் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரிக்கு நடக்கிறான். தான் சேர்த்து வைத்த விசித்திரக் கற்கள் அங்கே ஒரு பொந்தில் இருக்கின்றன. கால் வழுக்கி விழுகிறான். அந்த நேரம் குவாரியில் திருட்டுத்தனமாகக் கழிவு கொட்ட வந்த ஒருவர் பிள்ளையின் குரலைக் கேட்கிறார். தான் அங்கே இருந்ததே தெரியக்கூடாது என்று லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். குற்றம் இவ்வளவுதான்: ஒருவர் கேட்டார், போகவில்லை. இதை ஒரு பக்கத்தில் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்தேன்.

நேரக் கணக்கு

எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய தாளில் நாலு பத்தி போடுங்கள். ஆள், அந்த நேரத்தில் உண்மையில் இருந்த இடம், இருந்ததாகச் சொல்லும் இடம், ஏன் பொய் சொல்கிறார். நாலாவது பத்தியில்தான் நாவல் இருக்கிறது. காரணங்கள் சில்லறையாக இருக்க வேண்டும். கொலைகாரன் மட்டும்தான் பொய் சொல்வான் என்றால் வாசகர் ஐம்பதாவது பக்கத்தில் ஆளைப் பிடித்துவிடுவார். ஊரில் ஒவ்வொருவருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருந்தால், எந்தப் பொய் எந்தக் கதவுக்கான சாவி என்று தெரியாமல் அவர் தவிப்பார்.

என் தாளில் இருந்தது இது. பள்ளி 3.30-க்கு விடுகிறது. வாயிலில் இருக்க வேண்டிய காவலாளி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்; "எல்லாப் பிள்ளைகளோடும் போனான், பார்த்தேன்" என்கிறார். நூலகர் 5 மணிவரை இருக்க வேண்டியவர். வேறு வேலைக்கான நேர்காணலுக்காக 3 மணிக்கே பூட்டிவிட்டுப் போனார். "பையன் இன்றைக்கு வரவில்லை" என்கிறார். பேருந்து ஓட்டுநர் சொந்த வேலையாக வேறு வழியில் போனதால் பள்ளி நிறுத்தத்தையே தவறவிட்டார். பையனைப் பார்க்கவில்லை என்று சொன்னால் எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தாய் என்ற கேள்வி வரும். அதனால், "வழக்கமான கூட்டம்தான், அவனும் ஏறியிருப்பான்" என்கிறார்.

மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று பொய்யும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னவை. ஆனால் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: பையன் பள்ளியிலிருந்து கிளம்பினான், நூலகம் போகவில்லை, பேருந்தில் ஏறினான். பேருந்து கிழக்கே போகிறது. குவாரி இருப்பது மேற்கே. ஊரே திரண்டு தப்பான திசையில் தேடுகிறது.

பொய்களைத் தனித்தனியாக யோசிக்காமல் கூட்டிப் பாருங்கள் என்பது இதற்காகத்தான். அவை ஒன்றுசேர்ந்து தேடுதலை ஒரு பக்கம் தள்ளினால் கதைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது. தள்ளவில்லை என்றால் உங்களிடம் இருப்பது சில சுவாரசியமான மனிதர்கள் மட்டும்.

இன்னொரு இடைவெளியையும் தாளில் வட்டமிடுங்கள்: பிள்ளையைக் காணவில்லை என்று தெரிந்த நேரத்துக்கும் போலீசுக்குச் சொன்ன நேரத்துக்கும் நடுவே உள்ளது. என் கதையில் அம்மாவுக்குத் தெரிந்தது 6.20-க்கு, புகார் போனது 9.10-க்கு. இந்த மூன்று மணி நேரத்துக்கு அவளிடம் என்ன விளக்கம் இருக்கிறது? பிரிந்து வாழும் கணவர்தான் பையனைக் கூட்டிப் போயிருப்பார் என்று நினைத்தாள். போலீஸ்வரை போனால் அவர்களுக்குள் நடக்கும் வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து அவருக்கே திரும்பத் திரும்பப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது இன்னொரு வரிசை.

ஊரை வரைந்து பாருங்கள்

ஊரைக் கற்பனையாகப் படைத்தாலும் வரைபடம் கையில் இருக்கட்டும். ஆறு, பாலம், பள்ளி, பேருந்து நிறுத்தம், காவல் நிலையம், மூடிய குவாரி என்று இடங்களைக் குறியுங்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், ஒன்பது வயதுக்காரன் பையோடு நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதிகம் தவறாது. அதைவிட முக்கியம் ஜன்னல்கள். எந்த வீட்டிலிருந்து எந்தத் தெரு தெரியும், எது தெரியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். "என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்" என்று ஒருவர் சொல்ல, 22-ஆவது அத்தியாயத்தில் யாராவது அந்த ஜன்னலோரம் போய் நின்று பார்த்தால் அங்கே மரம் மறைக்க வேண்டும்.

பெயர் உள்ள பாத்திரங்கள் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. அதற்குமேல் வாசகருக்கு ஊர் தெரியாது, பட்டியல்தான் தெரியும்.

சட்டமும் தேடுதலும்

"24 மணி நேரம் கழியட்டும், அப்புறம் வாருங்கள்" என்று போலீஸ்காரர் சொல்லும் காட்சி நம் தலையில் ஊறிப்போனது. பிள்ளைகள் விஷயத்தில் பல நாடுகளில் அதற்கு இடமே இல்லை. அமெரிக்காவில் 1990-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் காத்திருக்கச் சொல்வதையே தடை செய்தது. இந்தியாவில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, காணாமல் போன பிள்ளை பற்றிய புகார் எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தலோ ஆள்கடத்தல் வணிகமோ என்று கருதியே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்றது. உங்கள் கதை எந்த நாட்டில், எந்த வருடத்தில் நடக்கிறதோ அந்த வருடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1985-இல் நடக்கும் கதையில் அதிகாரி அலட்சியமாகத் திருப்பி அனுப்பலாம். இன்றைய கதையில் அனுப்பினால் அதுவே ஒரு குற்றச்சாட்டாகும். அதைக் கதையாக்கவும் செய்யலாம்.

தேடுதல் எப்படி நடக்கும்? முதலில் வீட்டையே மறுபடி தேடுவார்கள். பெற்றோர் ஏற்கெனவே தேடிவிட்டோம் என்று சொன்னாலும் கட்டிலுக்கடி, அலமாரி, தண்ணீர்த் தொட்டி, வாகனத்தின் பின்பக்கம் எல்லாம் பார்ப்பார்கள். பெற்றோருக்கு அது அவமானமாக இருக்கும். அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள். பிறகு 'கடைசியாகப் பார்த்த இடம்' எது என்று முடிவு செய்து, அங்கிருந்து வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து வெளியேறும் வழிகளை மறிப்பார்கள். கடைசியாகப் பார்த்த இடம் பொய்யாக இருந்தால் வட்டமே பொய்.

தொழில்நுட்பத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். சின்ன ஊர் உங்களுக்குக் கைகொடுக்கும். நகரத்தில் அடுத்தடுத்து இருக்கும் செல்போன் கோபுரங்கள் இங்கே ஒன்றோ இரண்டோதான். ஒரு கோபுரம் பல கிலோமீட்டரை மூடுவதால் 'அந்தப் பகுதியில் இருந்தார்' என்பதற்குமேல் அது சொல்லாது. கண்காணிப்பு கேமராப் பதிவுகளை எடுத்து வைக்காவிட்டால் சில நாளிலோ சில வாரத்திலோ பழையதன்மேல் புதியது பதிந்து அழிந்துவிடும். சரியான கேமராவைத் தப்பான திசையில் தேடிய பத்தாவது நாள் ஞாபகம் வருவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

துப்பறிபவர் யார்

உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வழக்கு நல்ல பாடம். 1860 ஜூன் கடைசியில் இங்கிலாந்தில் ரோடு என்ற கிராமத்தில் (ஊரின் பெயரே அதுதான்) ஒரு வசதியான வீட்டில், நாலு வயதுகூட நிறையாத சவில் கென்ட் என்ற பையன் இரவில் படுக்கையிலிருந்து மறைந்தான். வேலைக்காரர்கள் பயன்படுத்தும் வெளிக் கழிவறையில் உடல் கிடைத்தது. உள்ளூர்ப் போலீஸ் தடுமாற, லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் அனுப்பப்பட்டார். அவர் பிடித்துக்கொண்ட துப்பு, இல்லாத ஒரு பொருள்: வீட்டின் பதினாறு வயதுப் பெண் கான்ஸ்டன்ஸின் இரவு உடைகளில் ஒன்று காணவில்லை. அவளைக் கைது செய்தார். தோட்டக்காரரின் மகனான ஒரு போலீஸ்காரர் கௌரவமான வீட்டுப் பெண்மேல் கை வைப்பதா என்று ஊரும் பத்திரிகைகளும் கொதித்தன. சாட்சியம் போதவில்லை, அவள் விடுவிக்கப்பட்டாள். விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து வருடம் கழித்து, 1865-இல், கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

வெளியாளுக்குக் கண் கூர்மை. ஊர் அவருக்கு வாய் திறக்காது. உள்ளூர்க்காரருக்கு வாய் திறக்கும். ஆனால் சிலரை அவரால் சந்தேகிக்கவே முடியாது, ஒருவர் சிறுவயது நண்பர், இன்னொருவர் கடன் கொடுத்தவர். இரண்டையும் ஒரே ஆளில் சேர்க்க ஆசைப்பட்டு, இருபது வருடம் முன்பு ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்த அதிகாரியை நானும் முயன்றேன். அது இப்போது எல்லா நாவலிலும் வருகிறது. கடைசியில் என் துப்பறிபவர் போலீசே இல்லை: பையனின் வகுப்பு ஆசிரியை. அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அவன் கையெழுத்து தெரியும்.

துப்புகளைப் புதைப்பது

1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். பல இன்று சிரிப்பூட்டும். ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது: துப்பறிபவர் கண்ணில் படும் எந்தத் துப்பும் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். படட்டும், ஆனால் துப்பாகப் படக்கூடாது.

ஒவ்வொரு துப்பையும் மூன்று முறை கொண்டுவருகிறேன். முதல் முறை வேறு ஏதோ ஒன்றாக, பாசமாகவோ சண்டையாகவோ வரும். இரண்டாவது முறை அர்த்தமில்லாத பொருளாக. மூன்றாவது முறைதான் துப்பாக. என் இடதுகை விவரம் இப்படித்தான் போனது. இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா, கறுத்த உள்ளங்கை ஓரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே மகனைத் திட்டுகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் நூலகரின் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுத்தாள்: "புத்தகம் குடுக்க வந்தேன். பூட்டியிருக்கு." பெயரும் தேதியும் இல்லை, பென்சில் எழுத்து இழுபட்டு மங்கியிருக்கிறது. மறுநாள் காலை கதவடியில் கிடந்ததை நூலகர் எடுத்து உள்ளே போட்டிருந்தார்; முன்னதாகப் பூட்டியது தெரிந்துவிடும் என்பதால் யாரிடமும் காட்டவில்லை. "எந்தப் பிள்ளையோ எழுதியது" என்கிறார். இருபத்தோராம் அத்தியாயத்தில் ஆசிரியை வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எல்லா நோட்டும் சுத்தமாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. அவன் நூலகத்துக்கு வந்திருக்கிறான். பேருந்தில் ஏறவே இல்லை.

துப்பு உடனே பலன் தர வேண்டியதும் இல்லை. 1932 மார்ச் 1 இரவு அமெரிக்காவின் ஹோப்வெல் அருகே விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தை கடத்தப்பட்டபோது, கையால் செய்த ஒரு மர ஏணி அங்கே கிடந்தது. செய்தி பரவி மக்களும் நிருபர்களும் குவிந்ததில் கால்தடங்கள் மிதிபட்டுப் போயின. மரவியல் வல்லுநர் ஆர்தர் கோலர், பலகையில் இழைப்பு இயந்திரம் விட்ட நுண்ணிய வரிகளைப் பிடித்துக்கொண்டு தென் கரோலினாவின் ஒரு மர ஆலைக்கும், அங்கிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு மரக்கடைக்கும் போய்ச் சேர்ந்தார். 1934 செப்டம்பரில் புரூனோ ஹாப்ட்மன் கைதானது பிணைப்பண நோட்டு ஒன்றினால்தான். பிறகு ஏணியின் ஒரு சட்டம் அவர் வீட்டுப் பரண் பலகையிலிருந்து எடுத்தது என்று கோலர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஒரு பொருளை எத்தனை கோணத்தில் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் கதையில் கிடைக்கும் பொருளையும் இப்படிக் கேளுங்கள்: எதனால் செய்தது, யார் செய்தது, எங்கே வாங்கியது, எதிலிருந்து பிரிந்தது.

திசைதிருப்பும் துப்புகளுக்கு ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உண்மையில் போய் முடிய வேண்டும். அப்பா போனை எடுக்காதது கடத்தலில் முடியாது, ஆனால் அவர் வேலையிழந்ததை மறைத்த கதையிலாவது முடிய வேண்டும். காற்றில் விட்ட துப்பு வாசகருக்குச் செய்த துரோகம்.

சாட்சிகள் பொய் சொல்லாமலேயே தவறலாம்

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார் விபத்துப் படம் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் 'இடித்து நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்த' குழுவில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

ஒரு வினைச்சொல்லுக்கு இந்தச் சக்தி என்றால், நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் அதையே பேசிக்கொண்டிருக்கும் ஊரில் நினைவு என்ன பாடுபடும்? குழந்தைச் சாட்சி என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

"பஸ்ல ஏறினானா?"

"தெரியல சார்."

"நல்லா யோசிச்சுப் பாரு. நீலச் சட்டை. ஏறினானா?"

"..."

"பயப்படாத கண்ணா. ஏறினான்தானே?"

"ஆமா சார்."

இந்த எட்டு வயது நண்பன் பொய் சொல்லவில்லை. பெரியவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தான். விசாரணைக் காட்சிகளை எழுதும்போது பதிலைவிடக் கேள்வியில் அதிக உழைப்பைப் போடுங்கள்.

அமைப்பும் காலமும்

கோணத்தைப் பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பேரின் பார்வை போதும். தெரிந்த உண்மையை வாசகரிடமிருந்து மறைக்க வேண்டிய ஆள் எவரோ, அவர் தலைக்குள் மட்டும் போகாதீர்கள்.

நாட்களைச் சமமாகப் பங்கிடாதீர்கள். முதல் இரவுக்கே ஆறு அத்தியாயம் கொடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாள் நெருக்கமாக வரட்டும். பிறகு ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள் என்று தாவுங்கள். அந்தத் தாவலில்தான் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது என்பது தெரியும். சுமார் 35 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 2,000 சொல் என்றால் 70,000 சொல். முதல் நாவலுக்கு அது போதுமான அளவு. நடுப்பகுதியில் கேள்வி மாற வேண்டும். என் கதையில் 'பேருந்து எங்கே இறக்கிவிட்டது' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'ஏறினான் என்று முதலில் சொன்னது யார்' என்று கேட்கத் தொடங்குவது அங்கேதான்.

குடும்பத்தின் துக்கத்தை அழுகையாக எழுதினால் மூன்று பக்கத்தில் தீர்ந்துவிடும். இறந்தார் என்றும் சொல்ல முடியாமல், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் நிற்கும் நிலையை பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அந்த நிலையில் இருப்பவர்கள் செய்யும் காரியங்கள் வெளியிலிருந்து பார்த்தால் விசித்திரமாக இருக்கும். வீட்டை மாற்ற மாட்டார்கள், போன் எண்ணை மாற்ற மாட்டார்கள். அவன் திரும்பி வந்தால் எங்கே வருவான்? புதுச் செருப்பு ஒரு அளவு பெரிதாக வாங்கி வைப்பார்கள், ஏனென்றால் இதற்குள் வளர்ந்திருப்பான். இப்படி ஒரு செருப்பு கதையில் இருந்தால் ஒரு பக்க ஒப்பாரியை வெட்டிவிடலாம்.

நிஜக் குடும்பம் ஒன்றின் சமீபத்திய இழப்பை எடுத்துப் பெயர் மாற்றி எழுதாதீர்கள். பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும் அந்த அம்மா ஒருநாள் புத்தகத்தைத் திறக்கக்கூடும்.

முடிவு

பிள்ளை உயிரோடு கிடைப்பதா இல்லையா என்று எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் இதைக் கடைசியில்தான் முடிவு செய்தேன். நடந்தது என்ன என்பதை முதலிலேயே எழுதி ஒட்டியிருந்தும் இந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருந்தேன். முடிவு இரண்டில் எதுவாக இருந்தாலும், உண்மை வெளிவந்தபின் ஊரார் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் அத்தியாயமாவது கொடுங்கள். லாரிக்காரரைச் சட்டம் பிடிக்கும். காவலாளியை, ஓட்டுநரை, நூலகரை எந்தச் சட்டம் பிடிக்கும்? அவர்கள் நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும், பையனின் அம்மாவும் அதே தெருவில்தான். நகரத்துக் கதையில் இந்தச் சந்திப்பைத் தவிர்த்துவிடலாம். சின்ன ஊரில் முடியாது.

திருத்தம்

முதல் வரைவை முடித்து ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு மூன்று தனித்தனி வாசிப்பு. ஒன்று நேரத்துக்காக: கடிகாரம், வெளிச்சம், மழை, கிழமை எல்லாவற்றையும் நேரத் தாளோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது தற்செயல்களுக்காக: தற்செயலால் சிக்கல் வரலாம், தற்செயலால் சிக்கல் தீரக்கூடாது. மூன்றாவது பிள்ளைக்காக. இருபது பக்கத்துக்கு ஒருமுறையாவது அவனைப் பற்றிய புதிய விஷயம் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில் அவன் மறுபடி வெறும் காரணமாகிவிட்டான்.

அதன்பின் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள். பென்சிலைக் கொடுத்து, யார்மேல் சந்தேகம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் பெயரை எழுதச் சொல்லுங்கள், சந்தேகம் மாறினால் மாறிய பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். உண்மையான பெயர் கால்வாசிக்குள் எழுதப்பட்டிருந்தால் துப்பை இன்னும் ஆழமாகப் புதையுங்கள். கடைசிவரை எழுதப்படவே இல்லையென்றால் நீங்கள் எதையோ மறைத்துவிட்டீர்கள்.

என் இரண்டாவது வரைவை அதே தோழியிடம் கொடுத்தேன். 31-ஆம் பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருந்தாள், 88-இல் அடித்துவிட்டுப் புதிதாக ஊருக்கு வந்தவரின் பெயரை. துண்டுத்தாள் வரும் பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை. ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்து மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது. அவளும் இடதுகைக்காரி என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.